‘நைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வரலாறும் பயன்பாடும்

முன்னுரை

ஆங்கிலம் பயிலும் மாணவர் தொடக்க நிலையிலேயே அறிந்துகொள்ளும் பெயரடைகளுள் ‘நைஸ்’ என்பதும் ஒன்று. ‘நல்ல’, ‘இனிய’ என்னும் பொருளில் அச்சொல் அவர்களுக்குப் பழகிவிடுகிறது. ஆயின், உயர்கல்வி நூல்களில் ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்னும் தொடரை எதிர்கொள்ளும்போது அப்பொருள் உதவுவதில்லை. அத்தொடர் ‘நல்ல வேறுபாடு’ எனப் பொருள்படாது. ‘நுட்பமான வேறுபாடு’ என்றே பொருள்படும். ஒரு சொல்லுக்கு இத்துணை விலகிய பொருள்கள் அமைந்தமைக்கான காரணம் அதன் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றை ஆராய்ந்து, மொழி கற்பித்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அது பயன்படும் வகையினை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் மூலம்

‘நைஸ்’ என்பதன் மூலம் ‘நெஸ்கியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். ‘நெ’ என்னும் எதிர்மறை முன்னொட்டும் ‘அறிதல்’ எனப் பொருள்படும் ‘ஸ்கீரே’ என்னும் வினையும் சேர்ந்து, ‘அறியாத’ என்னும் பொருளை அது தந்தது. அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்னும் சொல்லும் இதே வினையிலிருந்து பிறந்ததே. பழைய பிரெஞ்சு மொழியில் ‘அறிவற்ற’, ‘பேதைமையுடைய’ என்னும் பொருளில் வழங்கிய இச்சொல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியளவில் அதே பொருளுடன் ஆங்கிலத்துள் புகுந்தது. சாசரின் படைப்புகளிலும் ‘பேதைமையுடைய’ என்னும் பொருளில் இது ஆளப்பட்டுள்ளது. இதே இலத்தீன் மூலத்திலிருந்து வந்த ‘நெசியோ’ என்னும் ஸ்பானியச் சொல் இன்றும் அறிவிலியையே குறிக்கிறது. ஒரு மூலத்துச் சொல் ஒரு மொழியில் இழிபொருளிலேயே நிற்க, மற்றொரு மொழியில் உயர்பொருளை எய்தியுள்ளது.

பொருள் மாறிய படிநிலைகள்

பேதைமையைக் குறித்த சொல் அச்சமுடைமை, எளிதில் நிறைவடையாமை, மென்மை ஆகிய பொருள்களைப் படிப்படியாகப் பெற்றது. எதிலும் எளிதில் நிறைவடையாதவர் சிறு வேறுபாடுகளையும் கூர்ந்து நோக்குவர். இத்தொடர்பினால் பதினாறாம் நூற்றாண்டில் ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்னும் பொருள்கள் உருவாயின எனக் கருத இடமுண்டு. நுண்மை என்பது சிறுமையையும் உணர்த்துமாதலின் ‘அற்பமான’ என்னும் பொருளும் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில், உரியவரிடம் சேராத மடல் அற்பமானதன்று எனக் கூறும் இடத்தில் இச்சொல்லே அப்பொருளில் அமைந்துள்ளது.

இப்பொருள்கள் ஒன்று மறைந்த பின்னர் மற்றொன்று தோன்றியவை அல்ல. பல பொருள்கள் ஒரே காலத்தில் வழங்கியமையால், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுத் தொடர்கள் சிலவற்றில் எப்பொருள் கருதப்பட்டது எனத் துணிதல் அரிது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, மிகு துல்லியம் உடைமையையே இச்சொல்லின் முதற்பொருளாகத் தருகிறது. ‘இனிய’ என்னும் பொருள் 1769 அளவிலும், ‘அன்புடைய’ என்னும் பொருள் 1830 அளவிலும் பதிவாகியுள்ளன.

மூலப்பொருளும் சரியான பொருளும்

புதிய பொருள் எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ என்னும் புதினம் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதில் வரும் ஹென்றி டில்னி, இச்சொல்லை எல்லாவற்றையும் பாராட்டப் பயன்படுத்தும் வழக்கத்தை எள்ளி நகையாடுகிறான். நேர்த்தி, மென்மை, நயம் ஆகியவற்றைக் குறிப்பதற்கே அது தொடக்கத்தில் வழங்கியிருக்கலாம் என்கிறான். ஆயின் அவன் தொடக்கப்பொருள் எனக் கருதியதும் இடைக்காலத்தில் தோன்றியதேயாகும். உண்மையான தொடக்கப்பொருள் பேதைமை. மூலப்பொருளே சரியான பொருள் எனக் கொண்டால், டில்னியின் ஆட்சியும் பிழையாகிவிடும். ஒரு காலத்துச் சொற்பொருளை அக்காலத்து வழக்கே உறுதி செய்கிறது. வேர்ச்சொல் வரலாறு அதனை விளக்குமேயன்றி வரையறுக்காது.

தமிழிலும் இதற்கு ஒப்பான சான்றுகள் உள. கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த ‘களித்தல்’ மகிழ்ச்சியைக் குறித்தமை உயர்பொருட்பேறு. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ தீய மணத்தை மட்டும் குறித்தமை இழிபொருட்பேறு.

தமிழ் வழக்கில் ‘நைசு’

தமிழ்ப் பேச்சு வழக்கில் இச்சொல் பெற்றுள்ள இடம் தனித்து நோக்கத்தக்கது. ‘மாவை நைசாக அரை’ என்னுமிடத்து அது நுண்மையையும் வழவழப்பையும் குறிக்கிறது. ‘நைசாக நழுவிவிட்டான்’ என்னுமிடத்துப் பிறர் அறியாவாறு செய்யும் தந்திரத்தைக் குறிக்கிறது. ‘நைசாகப் பேசிக் காரியத்தை முடித்தான்’ என்பதில் நயவஞ்சகச் சாயல் தோன்றுகிறது. உரசலோ ஓசையோ இன்றி நிகழ்தல் என்னும் கருத்து இவற்றை இணைக்கிறது. இன்றைய ஆங்கிலத்தின் ‘இனிய’ என்னும் பொருளைவிட ‘நுண்ணிய’ என்னும் பழம்பொருளுக்கே இவ்வழக்குகள் அணுக்கமானவை. எனவே தமிழ் மாணவருக்கு அப்பழம்பொருளை அறிமுகப்படுத்த அரைத்த மாவே போதிய சான்றாகும்.

இன்றைய பயன்பாடு

கற்போர் அறியவேண்டிய பொருள்கள் பெரும்பாலும் உடன்வரும் சொற்களால் வேறுபடுகின்றன. ‘நைஸ் வெதர்’ என்பதில் இனிமையும், ‘நைஸ் டு மி’ என்பதில் ஒருவரிடம் காட்டும் அன்பும் குறிக்கப்படுகின்றன. ‘நைஸ் பாயிண்ட்’ என்பது உரையாடலில் பாராட்டாகவும் சட்ட விவாதத்தில் நுட்பமான சிக்கலாகவும் அமையும். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதில் அது ‘இதமான வெதுவெதுப்பு’ என அடுத்துவரும் பண்பைச் சிறப்பிக்கிறது. ‘எ நைஸ் மெஸ்’ என்பது புகழ்வதுபோல் இகழும் குறிப்புமொழி. ‘நைசிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லில் நுண்மைப்பொருள் இன்றளவும் நிலைத்துள்ளது.

முடிவுரை

பேதைமையில் தொடங்கி நுண்மை வழியாக இனிமையை அடைந்த இச்சொல்லின் நடுநிலைப் பொருள் இன்றும் வழக்கிழக்கவில்லை. பாடநூல்கள் ஒற்றைப் பொருளை மட்டும் தரும்போது, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் துல்லியத்தைக் குறிக்கும் இடங்களைப் பாராட்டெனக் கொள்ளும் இடர்ப்பாடு நேர்கிறது. எனவே ஆங்கிலம்–தமிழ் பயில் அகராதிகள் பொருள்களை வரிசைப்படுத்துவதோடு அமையாமல், ஒவ்வொரு பொருளுக்கும் உரிய உடன்வரு சொற்களையும் வழக்குக் காலத்தையும் சுட்டுதல் இன்றியமையாததாகும்.