அசதிக்குக் காரணம் உப்புக் குறைவா?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் நம்மிடம் வரும் முறையீடுகளில் பாதி அசதியைப் பற்றியவைதான். "ஹஜ்ரத், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, கொஞ்சம் தண்ணி ஓதித் தாங்க" என்பார்கள். ஓதிக் கொடுக்கிறோம். இறைவசனங்களில் ஷிஃபா உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சில ஆண்டுகளாக ஓதிக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகளும் கேட்கிறோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டீர்களா?

இப்படிக் கேட்கும் பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தியவர் பழவேற்காட்டுப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தார். உப்பு விஷம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கஞ்சியிலும் குழம்பிலும் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். அதையும் செய்தார். இரண்டு மூன்று வாரத்தில் அசதி. பிறகு தலைவலி, நடையில் தள்ளாட்டம். ஃபஜ்ர் நேரத்தில் எழுந்து மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்றார். ரக்அத் எண்ணிக்கை தவறியது. வீட்டார் காற்று, கருப்பு என்று பயந்து, "வாப்பாவுக்கு ஒரு தடவை ஓதிப் பாருங்க ஹஜ்ரத்" என்று நம்மிடம் அழைத்து வந்தார்கள். நாம் இரண்டு நாள் ஓதினோம். மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். ரத்தத்தில் சோடியம் 118 என்று வந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாள் தாமதம் நம் கணக்கில்தான் இருக்கிறது.

உப்பு உடம்பில் என்ன செய்கிறது என்பதை நம் பகுதி மக்களுக்கு ஏரியை வைத்தே சொல்லலாம். பழவேற்காடு ஏரிக்கு ஒரு பக்கம் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறுகிறது. மழைக்காலத்தில் உப்பு குறைகிறது, கோடையில் கூடுகிறது. இறாலும் மீனும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வருகின்றன, போகின்றன. முகத்துவாரம் மண் மூடிவிட்டால் தொழிலே படுத்துவிடும். உடம்பில் இந்த முகத்துவார வேலையைச் செய்பவை சிறுநீரகங்கள். உப்பு மிஞ்சினால் வெளியே தள்ளும், குறைந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம். ரத்தத்தின் அளவுக்கு ஒத்துப்போகும்படி வைத்த கணக்கு அது.

இந்தக் கணக்கு கீழே இறங்கினால் இரண்டு வகையில் அசதி வரும். உப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறினால் ரத்தத்தின் கொள்ளளவு குறையும். எழுந்து நின்றால் கண் இருட்டும், கால் தளரும். தண்ணீர் மட்டும் மிஞ்சி உப்பு நீர்த்துப்போனால், அந்தத் தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். மூளை மண்டை ஓட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அதற்கு வீங்க இடமில்லை. மந்தம், குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

உப்புக் குறைந்தால் சோர்வு வரும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற மருத்துவர் 1930களில் தாமும் சில தன்னார்வலர்களும் உப்பில்லா உணவை உண்டு, வெப்பத்தில் உட்கார்ந்து வியர்வையை வெளியேற்றி, உடம்பின் உப்பைக் குறைத்தார்கள். கடும் களைப்பு, தசைப் பிடிப்பு, நாக்கில் ருசி கெடுதல் எல்லாம் வந்தன. 1936இல் அதை வெளியிட்டார். ஒன்றைக் கவனியுங்கள். வெறுமனே உப்பைக் குறைத்துச் சாப்பிட்டதால் அந்த நிலை வந்துவிடவில்லை. வியர்வையையும் வலிந்து வெளியேற்ற வேண்டியிருந்தது.

ஏனென்றால் உடம்புக்குத் தேவையான உப்பு மிகவும் சொற்பம். நாளொன்றுக்கு ஒன்றேகால் கிராமுக்கும் குறைவாகவே போதும். உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. இந்தியர்கள் சராசரியாகச் சுமார் 8 கிராம் சாப்பிடுகிறார்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் புழங்கும் நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் 412 பேரை வைத்து நடத்தி 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் உப்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது. தலைவலியும் குறைந்தது. ஆகவே ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர், "எனக்கு அசதியாக இருக்கிறது, உப்புப் போதவில்லை போலும்" என்று சோற்றில் கூடுதலாக ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வதற்கு நியாயமே இல்லை.

அப்படியானால் யாருக்கு உண்மையிலேயே குறையும்? முதலில், 'நீர் மாத்திரை' சாப்பிடுபவர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் போன்றவை உப்பைச் சிறுநீரில் இறக்கிவிடும். பல கூட்டு மாத்திரைகளில் இவை சேர்ந்தே இருப்பதால், தாம் நீர் மாத்திரை சாப்பிடுவதே பலருக்குத் தெரியாது. வயதானவர்களில், அதிலும் பெண்களில், இது கூடுதல். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும். அடுத்து, வாந்தி பேதி கண்டவர்கள். அடுத்து, நாள் முழுதும் வெயிலில் உழைத்து வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பவர்கள். ஒரு லிட்டர் வியர்வையோடு 1 முதல் 4 கிராம் வரை உப்பு போய்விடும். ஆனால் வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பைச் சிக்கனமாகவே விடும். தினமும் ஏரியில் இறங்கி இறால் தடவும் பெண்ணைவிட, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து ஒருநாள் படகேறும் அவர் மகனுக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோய். ஓயாத அசதி, உடல் மெலிதல், தோல் கருத்தல், உப்புக்கு ஏங்குதல் ஆகியவை சேர்ந்து வரும். காசநோய் அந்தச் சுரப்பியைத் தாக்குவதாலும் இது வரலாம். அபூர்வம்தான். ஆனால் உப்பை அள்ளித் தின்னும் ஆசையோடு ஒருவர் மெலிந்துகொண்டே போனால், அதைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மற்றபடி நாம் காணும் அசதியில் பெரும்பகுதிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது ரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. பிறகு சர்க்கரை, தைராய்டு, தூக்கக் குறைவு. தைராய்டு விஷயத்தில் உப்புக்கும் பங்குண்டு, ஆனால் அளவினால் அல்ல, அயோடினால். "கடலோரத்தில் இருக்கிறோம், கல்லுப்பே போதும்" என்று நம்மவர்கள் சொல்வது தவறு. கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அயோடின் மிகச் சொற்பம். அதனால்தான் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பது 2006 மே மாதம் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இன்று ஆரோக்கியத்தின் பெயரால் விற்கும் இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காவிட்டால் அதுவும் கிடையாது.

இங்கே மார்க்கத்தின் பெயரால் உலவும் ஒரு செய்தியையும் சரிசெய்தாக வேண்டும். சாப்பாட்டை உப்பைக் கொண்டு தொடங்கி உப்பைக் கொண்டு முடித்தால் எழுபது நோய்கள் நீங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் சொன்னதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில வீடுகளில் அதற்காகவே சஹனில் உப்பு வைக்கிறார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ இதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உப்பைக் குழம்புகளின் தலைமை என்று சொல்லும் இப்னு மாஜாவின் அறிவிப்பும் பலவீனமானது. உப்பு பற்றி ஸஹீஹாக வருவது வேறு. தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு உப்பையும் வட்டிச் சட்டத்தில் சேர்த்து எண்ணும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. வாழ்க்கைக்கு இன்றியமையாத பொருள் என்பதற்கு அந்த வரிசையே போதும். ரத்த அழுத்தக்காரர் ஒருவர் ஸுன்னத் என்று எண்ணி வேளைக்கு இரண்டு முறை வெறும் உப்பைத் தின்றால், அவருக்கு நேரும் கெடுதிக்கு அந்தச் செய்தியைப் பரப்பியவரும் பொறுப்பாவார்.

ரமளானில் கேள்விகள் கூடுகின்றன. 2018, 2019 ஆண்டுகளில் மே மாத வெயிலில் நோன்பு நோற்றது நினைவிருக்கும். நம் நோன்புக் கஞ்சி இதற்குப் பொருத்தமான உணவு. தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. குடலில் சர்க்கரைச்சத்தும் உப்பும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் வேகமாக உறிஞ்சப்படும். 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலநபிஸ் பொன்காவ் முகாமில் இதே தத்துவத்தில்தான் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து உயிர்களைக் காத்தார். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அது கிடைக்கிறது. பேதிக்கு அதைப் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் கரைத்தால் குழந்தைக்கு உப்பு மிஞ்சிவிடும். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் வேளையை மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

சோடியம் குறைந்து குழம்பிப் பேசும் ஒருவருக்கு வீட்டிலேயே உப்புத் தண்ணீர் புகட்டுவது ஆபத்து. குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மருத்துவர்கள் ஒருநாளில் எட்டு, பத்துப் புள்ளிக்கு மேல் ஏறாமல் அளந்து அளந்து ஏற்றுகிறார்கள். நம் பெரியவருக்கும் அப்படித்தான் நாள் கணக்கில் பிடித்தது. எலக்ட்ரோலைட் பரிசோதனை என்று கேட்டால் போதும், கொஞ்சம் ரத்தத்தில் தெரிந்துவிடும். அவருடைய மாத்திரையை மாற்றினார்கள், உப்பை அளவோடு சேர்க்கச் சொன்னார்கள், தண்ணீருக்கும் கணக்கு வைத்தார்கள். இப்போது மறுபடியும் வாசலில் வலையோடு உட்கார்ந்திருக்கிறார். போகும்போது ஸலாம் சொன்னால், "ஹஜ்ரத், இன்னைக்கு அரைக் கரண்டிதான்" என்பார்.