தேவ்நார் வீட்டில் ஏ.எம். ரேடியோ ஏன் இரைகிறது?

ஊரிலிருந்து வந்த அப்பா இரவு ஒன்பது மணிக்கு, தேவ்நாரில் உங்கள் ஃபிளாட்டில் பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டே இருக்கிறார். 'கொர்ர்' சத்தம்தான் வருகிறது. "ரேடியோ போச்சுப்பா" என்கிறார். ரேடியோ மேல் தப்பில்லை, தப்பு உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் இருக்கிறது.

மீடியம் வேவ் என்கிற ஏ.எம். ஒலிபரப்பில், குரல் அலையின் உயரத்தில் ஏறி இறங்கி வருகிறது. எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், ரூட்டர் அடாப்டர் எல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நறுக்கித் தருபவை. அந்த நறுக்கலில் கிளம்பும் இரைச்சலும் உயரமாகவே பதிவதால், ரேடியோவுக்கு இரண்டும் ஒன்றுதான். எஃப்.எம்.மில் குரல் அதிர்வெண்ணில் வருகிறது, அதனால் தொல்லை குறைவு. கட்டடத்தின் இரும்புக் கம்பிகளும் தங்கள் பங்குக்கு ஏ.எம். அலையைத் தடுக்கின்றன. சார்ஜர்களைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரம் பேட்டரியில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, இரவில் அப்பா எதைத் தேடுகிறார்? பெரும்பாலும் தூத்துக்குடி 1053. இலங்கைக்கும் கேட்கும்படி 200 கிலோவாட்டில் அமைத்த நிலையம் அது. மும்பையிலிருந்து 1,200 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. பகலில் அந்த அலையை வானத்தின் ஒரு மின்னூட்ட அடுக்கு உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வந்து விழும்.

இங்கேதான் சிக்கல். இந்தியாவில் ஏ.எம். நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. தூத்துக்குடிக்கு அடுத்த வீடு 1044, அதாவது ஆகாசவாணி மும்பை. அதன் டவர் மலாடு பக்கம், உங்களிடமிருந்து 20 கி.மீ. வாக்கில். பக்கத்து வீட்டு லவுட் ஸ்பீக்கரைத் தாண்டி ஊர்க்காரர் பேச்சைக் கேட்பது போலத்தான். பெட்டியைத் திருப்பி வைத்தால் ஒரு திசையை அமுக்கலாம், உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் குணம் அது. ஆனால் தேவ்நாரிலிருந்து மலாடு வடமேற்கு, தூத்துக்குடி கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். ஒன்றை அமுக்கினால் மற்றதும் அமுங்கும்! மாட்டுங்காவில் இருந்தாலும் பெரிய லாபமில்லை.

எஃப்.எம்.மில் தமிழ் வராதா? மும்பையில் தனியார் எஃப்.எம். வந்தது 2002ல். உரிமம் ஏலத்தில் போகிறது, வருமானமோ விளம்பரத்தில். அதனால் எல்லாரும் இந்திப் பாட்டு பக்கமே சாய்ந்தார்கள். ஆங்கிலப் பாட்டோடு தொடங்கிய கோ 92.5கூட, ரேடியோ ஒன் ஆனபோது இந்திக்கு மாறி, பிறகுதான் ஆங்கிலத்துக்குத் திரும்பியது. தாராவியிலும் செம்பூரிலும் இத்தனை தமிழர்கள் இருந்தும் தனியார் தமிழ் நிலையம் ஒன்றும் வரவில்லை. வானொலி விளம்பரதாரரின் கணக்கில் நாம் தனிச் சந்தையாகவே தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அப்பாவுக்கு 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைப் போட்டுக் கொடுங்கள். ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் இலவசமாகவே கேட்கும், சில நொடி தாமதத்தோடு. ஆனால் பேட்டரி ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் மின்சாரமும் மொபைலும் பல இடங்களில் படுத்துவிட்டன. அப்படிக் கரண்ட் போன இரவில் சார்ஜர்களும் ஓய்ந்துவிடும் என்பதால், ஏ.எம். இன்னும் தெளிவாகக் கேட்கும்.