கலைச்சொல் வந்த வழி

தமிழில் ஆய்வுரை எழுதுவோர் இன்று எளிதாக ஆளும் கலைச்சொற்கள் பல தலைமுறையினர் ஈட்டித் தந்தவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீனின் முயற்சியால் 1852-இல் உடற்கூற்று நூலும், 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் நூலும் வெளிவந்தன. அயல் ஒலியைத் தமிழ் ஈற்றால் பழக்கிய பெயர் அது. பின்வந்தோர் 'இரசாயனம்' என்றனர். இன்று பாடநூலில் நிற்பது 'வேதியியல்'. ஒரு துறைப்பெயர் நிலைபெறவே இத்தனை காலம் சென்றது.

1954-இல் முதல் தொகுதி கண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1968-இல் பத்தாம் தொகுதியுடன் நிறைவுற்றது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் இசைப்பாடல்கள் இயற்றிய கவிஞர். ஆதலின், கலைச்சொல்லாக்கம் அறிஞர்க்கே உரியதெனக் கவிஞர் ஒதுங்குதல் தகாது. அச்சேறிய சொல் நாவிலும் ஏறினாலன்றி வாழாது. நாவேற்றும் ஆற்றல் கவிஞர்க்கே மிகுதி.