முதுமைக்கும் திறந்திருக்கும் கல்வி வாசல்

கூடங்குளம் என்றதும் இன்று பலர் நினைவுக்கு வருவது அணுமின் நிலையம். அங்கே பணியாற்றுவோர் அறுபது வயதில் ஓய்வு பெறுகின்றனர். சுற்றுவட்டாரப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் ஆண்டுதோறும் பணி நிறைவு பெறுகின்றனர். மாலையும் பொன்னாடையும் சூட்டி வழியனுப்பி வைக்கிறோம். அதன்பின் அவர்களுடைய அறிவை என்ன செய்கிறோம்? பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டு அமைதியடைகிறோம். நம் மார்க்கத்தின் வரலாறும் இந்த மண்ணின் வரலாறும் இதற்கு மாறான பாடத்தையே கற்பிக்கின்றன.

இமாம் புகாரி (ரஹ்) தமது ஹதீஸ் தொகுப்பில் கல்வியைப் பற்றிய பகுதியில் ஒரு குறிப்பைத் தருகிறார்: நபித்தோழர்கள் வயது முதிர்ந்த பின்னும் கல்வி கற்றனர் என்பதே அது. நாற்பதிலும் ஐம்பதிலும் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் அப்போதுதான் முதன்முதலாக மாணவர்களாக அமர்ந்தனர். வயது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இமாம் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) தொழிலால் பூட்டுச் செய்பவர். ‘கஃப்பால்’ என்ற பெயரே அத்தொழிலிலிருந்து வந்தது. ஏறத்தாழ முப்பது வயது வரை பட்டறையில் இருந்தவர், அதன் பின்னரே ஃபிக்ஹுக் கல்வியைத் தொடங்கினார். ஹிஜ்ரி 417-இல் அவர் மறைந்தபோது, குராசான் பகுதியின் மாணவர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்களாக இருந்தனர்.

நம் கண்ணெதிரே உள்ள நெல்லைச் சீமைக்கு வருவோம். கூடங்குளத்துக்கு அருகிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்தவர் ராபர்ட் கால்டுவெல். அவர் வேற்றுச் சமயப் போதகர். எனினும், கல்வி விஷயத்தில் அவர் வாழ்வில் நமக்குப் படிப்பினை உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அவர், அத்துடன் நின்றுவிடவில்லை. அறுபத்தொன்றாம் வயதில், 1875-இல், அதை விரிவாக்கி இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். 1881-இல், அறுபத்தேழு வயதில், திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதி வெளியிட்டார். முதுமையின் உழைப்பால் இந்த மண்ணின் வரலாறு எழுத்தில் நிலைத்தது.

நம் சமுதாயத்துக்கு மிக நெருங்கிய சான்று பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள். இலங்கையின் பாணந்துறைப் பகுதியில் 1922-இல் பிறந்தவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்து 1951-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு இலங்கையில் நெடுங்காலம் கற்பித்தார். முஸ்லிம்கள் இயற்றிய தமிழ்க் காப்பியங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றபோது அவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். பலரும் சாய்வு நாற்காலியை எண்ணும் அந்த வயதில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைத்த இருக்கைக்கு அவரை அழைத்தது. கடல் கடந்து வந்தார். பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.

அந்நாளில் நெல்லை மாவட்டக் கல்லூரிகளும் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழேயே இருந்தன. பாளையங்கோட்டையில் 1971-இல் தொடங்கப்பட்ட சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் அவற்றுள் ஒன்று. 1990-இல்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரு பல்கலைக்கழகம் மூத்த அறிஞர் ஒருவருக்கு வாசலைத் திறந்திராவிடில், நம் புலவர் பலரின் பெயர்கூட இன்றைய மாணவரை எட்டியிராது.

இன்று வாசல்கள் முன்னினும் அகன்றே இருக்கின்றன. 1985-இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இல்லத்திலிருந்தே பயில வழிசெய்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஆய்வைத் தொடர்வதற்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நூறு உதவித்தொகைகளை அறிவித்தது.

ஆனால், வாசலுக்கு வெளியே நிற்கும் தடை பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “இந்த வயதில் படிப்பு எதற்கு?” என்ற ஒரு சொல், திருமணத்துக்காகப் படிப்பை விட்ட தாயையும், ஆய்வைப் பாதியில் நிறுத்திய தந்தையையும் மீண்டும் அமர்த்திவிடுகிறது. அரபுத்தமிழ் எழுத்தைத் தடையின்றி வாசிப்போர் இன்று பெரும்பாலும் முதியவர்களே. அவர்கள் அறிந்ததைப் பதிவு செய்யாமல் போனால், பள்ளிவாசல் அலமாரிகளில் இருக்கும் ஏடுகளை நாளை யார் படித்துச் சொல்வார்?

ஆகவே, ஓய்வு பெற்ற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் விரும்பும் படிப்பின் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். ஜமாஅத்துகள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களை மக்தபிலும் நூலகத்திலும் அமர்த்தட்டும். அறிவை அதிகப்படுத்தக் கேட்கும் பிரார்த்தனைக்கு வயது வரம்பு இல்லை. இறுதி மூச்சு வரை கற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.