சால்போர்டு நகரில் புலால் மறுத்த திருச்சபை

கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது சமண இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும். நம் இல்லங்களில் பிறந்த குழந்தைக்கு இது கற்பிக்கப்படுவதில்லை, பாலோடு ஊட்டப்படுகிறது. ஆனால் ஊனுணவு அன்றாட வழக்கமாகவும், சமய அனுமதி பெற்றதாகவும் விளங்கிய ஒரு நாட்டில், ஏழைத் தொழிலாளர் சிலர் கூடிப் புலாலை விலக்கிய வரலாறு ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்போர்டு நகரில் 1800ஆம் ஆண்டு ஒரு கிறித்தவ ஆலயம் திறக்கப்பெற்றது. அதன் போதகர் வில்லியம் கௌஹெர்டு. அப்பெயருக்கு மாடு மேய்ப்பவர் என்பது பொருள், பொருத்தமான பெயர்தான். 1809இல் அவர் தம் சபையினரைப் புலாலையும் மதுவையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். விவிலியக் கிறித்தவர் சபை என வழங்கிய அக்கூட்டம் இவ்வாறு தோன்றியது. பஞ்சாலைப் புகை சூழ்ந்த அந்நகரின் வறியவர்களுக்குக் காய்கறிச் சாறு வழங்கியும், மருத்துவ உதவி செய்தும், நூலகம் அமைத்தும் கௌஹெர்டு பணிபுரிந்தார். வந்தவர்களுள் எத்தனை பேரை வேதம் ஈர்த்தது, எத்தனை பேரைச் சாறு ஈர்த்தது என எவர் பிரித்துரைக்க இயலும்? பசித்தவனுக்கு அன்னமிட்ட பின்னரே அறம் உரைத்தார் என்பது போற்றத்தக்கது.

அவருடைய வாதம் விவிலியத்தின் தொடக்கத்திலேயே வேர்கொண்டது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், விதை தரும் பயிர்களும் கனி தரும் மரங்களுமே மனிதனுக்கு உணவாக அளிக்கப்படுகின்றன. ஆயினும் அதே நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், பெருவெள்ளத்திற்குப் பின் ஊனுண்ண அனுமதி வந்துவிடுகிறது. நற்செய்தி நூல்களில் மீனைப் பகிர்ந்தளித்த நிகழ்ச்சியும் உண்டு. ஆகவே இவர்கள் தம் வேதத்தின் ஒரு பகுதியைக் கொண்டு மற்றொரு பகுதிக்கு விளக்கம் கூற வேண்டியவராயினர். 

கௌஹெர்டு 1816இல் மறைந்தார். அவருக்குப் பின் சபையை நடத்திய ஜோசப் பிரதர்டன், 1832இல் சால்போர்டின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் மனைவி மார்த்தா பிரதர்டன் 1812இல், தம் பெயரை வெளியிடாமல், காய்கறிச் சமையல் நூல் ஒன்றை எழுதினார். ஆங்கிலத்தில் தோன்றிய முதல் சைவச் சமையல் நூல் இதுவே என்பர். அதில் முட்டையும் வெண்ணெயும் தாராளமாக இடம்பெறுகின்றன; நம் அடுக்களைக்கு அது ஒவ்வாது. எனினும் ஆட்டிறைச்சியின்றி உணவே இல்லை என எண்ணிய மக்களிடையே, உறுதி பூண்ட ஒரு குடும்பம் நாளை என்ன சமைப்பது என்ற கேள்விக்கு விடை வேண்டுமன்றோ? போதகரின் சொற்பொழிவைக் காட்டிலும் அப்பெண்மணியின் நூல் அச்சபையை நிலைநிறுத்த உதவியிருக்கக் கூடும்.

1817இல் இச்சபையினர் ஏறத்தாழ 40 பேர், வில்லியம் மெட்காஃப் என்பவர் தலைமையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் கப்பலேறினர். வாரக்கணக்கில் நீண்ட அக்கடற்பயணத்திலேயே சிலர் உறுதி தவறினர். எஞ்சியவர் அங்கே சபை நிறுவினர். 1850இல் அமெரிக்கச் சைவ உணவுச் சங்கம் தோன்ற மெட்காஃப் முன்னின்றார்.

தாய்நாட்டில் 1847 செப்டம்பர் 30 அன்று, ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் பிரதர்டன் தலைமையில் கூடிய கூட்டம் சைவ உணவுச் சங்கத்தை நிறுவியது. கூட்டம் நடந்த இடம் நீர்ச்சிகிச்சை மருத்துவமனை ஒன்று. வேதத்தில் தொடங்கிய உறுதி உடல்நலத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டதை அவ்விடமே காட்டுகிறது. அமெரிக்காவில் இவ்விணைப்பு மேலும் இறுகியது. 1863இல் தமக்குக் கிடைத்த காட்சியைக் கொண்டு எலன் ஒயிட் அம்மையார், ஏழாம் நாள் வருகைச் சபையினரைச் சைவ உணவின்பால் திருப்பினார். அவரே புலாலை முற்றிலும் விடப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அச்சபையினரின் உணவையும் ஆயுளையும் லோமா லிண்டா பல்கலைக்கழகம் ஆராய்கிறது. 73,308 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சைவ உணவினரிடையே இறப்பு விகிதம் 12 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது.

ராம்ஸ்கேட்டில் தொடங்கிய இயக்கத்தின் கிளையாக 1888இல் லண்டன் சைவ உணவுச் சங்கம் எழுந்தது. அதே ஆண்டில்தான் காந்தியடிகள் சட்டம் பயில லண்டன் சென்றார். புறப்படுமுன், பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், ஊனும் மதுவும் மங்கையும் தீண்டேன் எனத் தாயாருக்கு வாக்களித்திருந்தார். பசியோடு அலைந்த அவ்விளைஞர் சைவ உணவகம் ஒன்றைக் கண்டு வயிறார உண்டார். அங்கு வாங்கிய ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்து, வாக்குக்காகக் காத்த நெறியை அறிவாலும் ஏற்றார். பின்னர் அச்சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார்.

அங்கிருந்த நண்பர்கள் முட்டை புலாலன்று என வாதிட்டனர். சிலகாலம் அவரும் முட்டை உண்டார். பின்னர், வாக்குப் பெற்ற தாயார் ஊன் என எதைக் கருதினாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் எனத் தெளிந்து முட்டையைக் கைவிட்டார். அதன்பின் அந்தச் சைவ உணவகங்களிலேயே, இனிப்புப் பண்டம் ஒவ்வொன்றிலும் முட்டை கலந்துள்ளதா எனக் கேட்டறிந்தே உண்ண வேண்டியிருந்தது.