வளவில் முளைத்த காளானும் மூத்தம்மாவின் விதியும்

கடந்த மாரியில் மூன்று நாள் அடைமழை ஓய்ந்த மறுநாட் காலை, சுபஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். மதிலோரம், முன்னர் தென்னையொன்று நின்று தறிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி, பிறை வடிவில் பதினொரு காளான்கள் முளைத்திருந்தன. முதல்நாள் மாலையில் அங்கே ஈர மணலைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் சோற்றுக்கோப்பை அளவு. வெள்ளைக் குடையின் நடுவே தவிட்டு நிறச் செதில்கள். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன.

“வாப்பா, இத ஆணமாக்குவமா?” என்று மகள் கேட்டாள். மருமகன் கைத்தொலைபேசியால் படமெடுத்து அதிலுள்ள செயலியிடம் விசாரித்தார். அது மூன்று பெயர்களைச் சொன்னது. இரண்டு உண்ணத்தக்கவை, ஒன்று நஞ்சு. “மூன்றில் இரண்டு பங்கு நல்லதென்று சொல்கிறது மாமா” என்றார் சிரித்தபடி. முப்பது வருடங்களாகச் செய்திகளைச் சரிபார்த்துப் பிழைத்தவன் நான். மூன்றில் இரண்டு பங்கு உண்மையான செய்தியைக்கூட அச்சுக்கு அனுப்பியதில்லை. சட்டியில் போடுவதெப்படி?

அன்றைய தினம் முழுவதும் என் நினைவு 1978ஆம் ஆண்டைச் சுற்றியே அலைந்தது.

அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மக்கள் எவரும் மறவார். நான் அப்போது சிறுவன். விடிந்து பார்த்தபோது தென்னந்தோட்டங்கள் இருந்த இடத்தில் வானம் மட்டுமே இருந்தது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர் ஊராகத் தென்னைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. அடுத்து வந்த மழைகளில், உக்கத் தொடங்கிய அம்மரங்களின் மேலெல்லாம் விதவிதமான காளான்கள் பூத்தன. வீடுகளில் கறிக்கு வழியில்லாத நாள்கள் அவை. பிள்ளைகள் நாங்கள் ஒரு கடகம் நிறையப் பொறுக்கிக்கொண்டு மூத்தம்மாவிடம் ஓடினோம்.

அவர் கடகத்தைக் கவிழ்த்து எல்லாவற்றையும் குழியிலிட்டு மூடிவிட்டார். எங்கள் தாய்வீட்டு வளவு ஊரின் மேற்கோரத்தில், வயற்காணிகளைத் தொட்டவாறு இருந்தது. அதன் மூலையில் ஆளுயரச் செல்லுப் புற்றொன்று நின்றது. அங்கே எங்களை அழைத்துச் சென்று, புற்றின் அடியில் முளைத்திருந்த மெல்லிய காளானொன்றைச் சுற்றி ஈர்க்கினால் மண்ணைக் கிளறினார். தண்டு முடியவேயில்லை. ஒரு முழத்துக்கு மேல் வேர்போல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. “புத்துல மொளச்சிருக்கணும், வேரும் இறங்கியிருக்கணும். ரெண்டுல ஒண்டு இல்லாட்டியும் தொடாதே மகன்” என்றார். அன்று மாலை புட்டுக்குக் காளான் பாலாணம். அந்த ருசி இன்னும் நாவில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாத அந்த மூதாட்டியின் விதி எவ்வளவு செம்மையானது என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னர் நூல்களைப் புரட்டியபோதே உணர்ந்தேன்.

தமிழிலக்கியத்துக்குக் காளான் புதியதன்று. ‘ஆம்பி’ என்பது அதன் பழம்பெயர். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய பாணனின் அடுக்களையைக் காட்டுகிறார். பாழடைந்த சுவரைச் சிதல் அரிக்கிறது. அந்தப் புழுதியிலே காளான் பூக்கிறது. சிதல் என்பது நம்மூரில் நாம் ‘செல்’ என்று சொல்லும் கறையான்தான். புறநானூற்றில் குமணனைப் பாட வந்த பெருந்தலைச் சாத்தனார், சமையலை மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் காளான் உணவாகவில்லை. பசியின் அடையாளமாகவே நிற்கிறது. ஆனால் கறையானும் காளானும் அடுத்தடுத்து இருப்பதை நத்தத்தனாரின் கண் தவறவிடவில்லை என்பதை நான் வியப்போடு குறித்துக்கொண்டேன்.

இவ்விரண்டுக்குமுள்ள உறவை அறிவியல் உலகுக்கு முதலில் எடுத்துரைத்த ஆய்வும் தமிழ் மண்ணில் பிறந்ததே. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் வந்தவர். தஞ்சைப் பகுதியின் கறையான் புற்றுகளை உடைத்துப் பார்த்து, உள்ளே அவை பூஞ்சையை வளர்த்து வைத்திருப்பதை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இலங்கையில் அப்பணியைத் தொடர்ந்தவர் தோமஸ் பெட்ச். 1905இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பூஞ்சையியலாளராகப் பொறுப்பேற்ற அவர், மறு ஆண்டே இந்நாட்டுக் கறையான் கூடுகளின் பூஞ்சைகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரொஜே எய்ம் 1942இல் இப்பூஞ்சைகளுக்கு ‘டெர்மிட்டோமைசிஸ்’ என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியாவிலிருந்து புதிய இனமொன்றை விவரித்து, அதற்கு எய்மின் பெயரையே வைத்தார்.

நடப்பது இதுதான். வேலைக்காரக் கறையான்கள் உக்கிய மரத்தையும் சருகையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேன்கூடு போன்ற பாத்திகளைக் கட்டுகின்றன. அப்பாத்தியில் பூஞ்சை படர்ந்து, கறையானால் செரிக்க முடியாத நாரைப் பதப்படுத்திக் கொடுக்கிறது. கறையான் அதைத் தின்று வாழ்கிறது. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக இந்த வேளாண்மை நடைபெற்று வருகிறது. மனிதன் ஏர் பிடித்துப் பன்னீராயிரம் ஆண்டுகளே ஆகின்றன. மழைக்காலத்தில் அப்பாத்தியிலிருந்து பூஞ்சை மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. மூத்தம்மா கிளறிக் காட்டிய நீண்ட ‘வேர்’, நிலத்தடிப் பாத்தியையும் மேலுள்ள குடையையும் இணைக்கும் தண்டுதான். புற்றருகே வேறு காளான்களும் முளைக்கக்கூடும். ஆகவேதான் இடத்தையும் வேரையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

அவருடைய விதி மிகக் கடுமையானதென்று சிலர் சொல்லலாம். மரத்தில் வளரும் சிப்பிக் காளானை இன்று கல்முனைச் சந்தையில் பொதியாக வாங்கி உண்கிறோமே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் நல்ல காளான்கள் அனைத்தையும் உண்டு பார்க்க வேண்டுமென்று அவர் விதி வகுக்கவில்லை. வீட்டில் ஒருவரும் சாகக்கூடாது என்றே வகுத்தார்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். ‘கம்ஆ’ என்பது ‘மன்னு’ வகையைச் சார்ந்தது என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் ஸயீத் பின் ஸைத் (ரழி) அறிவித்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அச்சொல் ‘காளான்’ என்றே வருகிறது. அதனால் மழைக்கு முளைப்பதெல்லாம் பரக்கத்தான உணவென்று நம்புவோர் நம்மிடையே இருக்கின்றனர். அரபு நாட்டின் கம்ஆ, குடையோ தண்டோ இல்லாமல் பாலை மணலுக்கடியில் கிழங்குபோல் உருண்டு விளைவது. நம் வளவில் குடை விரிப்பதற்கும் அதற்கும் உறவு வெகு தூரம். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு சொல்லின் சுருக்கத்தை நம்பி எவரும் இங்குள்ள காளானைத் தின்னவோ, அதன் சாற்றைக் கண்ணில் விடவோ கூடாது.

காளானைப் பற்றிய அறிவு மண்ணோடு ஒட்டியது. கப்பலேறிப் போனால் அதுவே பகையாகும். 2015ஆம் ஆண்டு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த அகதிகள் பலர், தம் ஊர்க் காளானைப் போலத் தோன்றியதைக் காட்டோரத்தில் பறித்து உண்டு ஹனோவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் சிரியர்களும் இருந்தனர். அவர்கள் உண்டது ‘மரணத் தொப்பி’ எனப்படும் அமானிட்டா. அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்காசிய மக்களும், வைக்கோலில் வளரும் தம் நெற்காளானென்று எண்ணி இதையே உண்டு இறந்திருக்கின்றனர். இரண்டுக்கும் அடியில் முட்டையோடு போன்ற உறை இருப்பதுதான் காரணம். நெற்காளான் நமக்கு அந்நியமானதன்று. 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் அதைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பிய மரங்களோடு சேர்ந்து அவுஸ்திரேலியாவுக்கும் மரணத் தொப்பி போய்ச் சேர்ந்தது. 2023இல் அந்நாட்டின் லியோங்காதா என்ற சிற்றூரில் ஒரு மதிய விருந்தில் அதை உண்ட மூவர் மாண்டனர். விருந்தளித்தவரைக் கொலைக் குற்றவாளியென நீதிமன்றம் 2025இல் தீர்த்தது. மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் பெர்லினிலும் இதைப் படிக்கும் அன்பர்கள், ஊரில் உண்டு பழகிய கண்ணை அங்குள்ள புல்வெளியில் நம்பாதிருக்க வேண்டுகிறேன்.

அந்நஞ்சின் கொடுமை அது தாமதிப்பதில் இருக்கிறது. உண்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பின்னரே, சிலவேளை ஒரு நாள் கழித்தே, வாந்தியும் பேதியும் தொடங்கும். பின்னர் குணமாவதுபோல் ஓய்ந்து, அதற்கிடையில் ஈரல் அழியும். வேக வைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு முறியாது. வெள்ளிக் காசு கறுக்கும், உள்ளி நிறம் மாறும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்பன போன்ற சோதனைகள் யாவும் வீண். நத்தை தின்று சுகமாக ஊர்ந்து போகும் காளான் மனிதனைக் கொல்லும்.

சரி, மூத்தம்மாவின் அறிவு என் மகளிடம் ஏன் வந்து சேரவில்லை? கிழக்கு முஸ்லிம்களிடையே வீடு மகளுக்கே சீதனமாகப் போகும். தாயின் வளவைப் பிரித்து மகளுக்கு, அவள் வளவைப் பிரித்துப் பேத்திக்கு என்று மூன்று தலைமுறையில் எங்கள் வளவு நான்கு மதில்களாகிவிட்டது. 1985க்குப் பின் யுத்தம் மேற்குக் காணிகளுக்கும் சேனைகளுக்கும் போகும் வழியை அடைத்தது. காட்டையும் வயலையும் அறிந்தோர் தம் அறிவை இளையோருக்குக் காட்ட இடமின்றிப் போயினர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். கரையில் வாழ அஞ்சியவர்கள் மேற்கே நகர, வயல்நிலங்கள் நிரப்பப்பட்டு வீடுகளாயின. எங்கள் தாய்வீட்டு மூலையில் நின்ற புற்றையும் அப்போதுதான் இடித்துச் சமப்படுத்தினோம். எவர்மேலும் குற்றமில்லை, மனிதருக்குத் தலைசாய்க்க இடம் வேண்டியிருந்தது. ஆனால் புற்றோடு பாடசாலையொன்றும் இடிந்ததென்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி என் வாசலுக்கு வருகிறேன். அன்று மாலை ஒரு காளானைச் சுற்றி மண்ணைக் கிளறினேன். வேர் இறங்கவில்லை, விரலளவு தாழ்வில் குமிழ்போன்ற அடியோடு முடிந்துவிட்டது. மூத்தம்மாவின் விதிப்படி வழக்கு அங்கேயே முடிந்தது. எனினும் செய்தியாளனுக்கு இரண்டாவது சாட்சி வேண்டுமல்லவா? முற்றிய குடையொன்றை நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்க வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கண்ணாடிக் குவளையால் மூடிவைத்தேன். காளானின் வித்துப்பொடி தாளில் உதிர்ந்து தன் நிறத்தைக் காட்டும். அந்நிறம் ஒன்றே காளானை நல்லதென்று சொல்லிவிடாது. ஆனால் சில நிறங்கள் தீயதென்று சொல்லிவிடும்.

காலையில் குவளையை எடுத்தேன். தாளில் சக்கரம்போன்ற கோலம், மங்கிய பச்சை நிறத்தில் படிந்திருந்தது. பெரிய வெள்ளைக் குடையும் பச்சைப் பொடியும் சேர்ந்தால் அது ‘குளோரோபில்லம்’. வெப்ப நாடுகளின் புல்வெளிகளிலும் வீட்டு வளவுகளிலும் வளையமாக முளைப்பது. நல்ல காளானென்று மயங்கிப் பலர் உண்டு நோயுறுவது. இரண்டொரு மணித்தியாலத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். பெரியவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவர். சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. என் வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான்.

தாளை மகளிடமும் மருமகனிடமும் காட்டினேன். மருமகன் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துவந்து பதினொன்றையும் தோண்டிக் குழியிலிட்டு மூடினார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் மூத்தம்மா செய்த அதே வேலை. பேரன் அருகே வந்து, “ஏன் மூத்தவாப்பா மூடுறீங்க?” என்று கேட்டான். புற்றைக் காட்டிச் சொல்ல இப்போது என்னிடம் புற்றில்லை. ஆகவே ஈர்க்கொன்றை முறித்து, மணலில் ஒரு புற்றும், அதன்மேல் ஒரு குடையும், அதிலிருந்து கீழே இறங்கும் நீண்ட வேரும் வரைந்து காட்டினேன். அவன் அந்த வேரை விரலால் தொடர்ந்து, படம் முடிந்த இடத்தையும் தாண்டி இழுத்துக்கொண்டே போனான்.