ஆடி மாதமும் ஒரு ரயில் பாதையும்

எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் ஓய்வுக்கென்றே ஒரு மாதம் இருந்தது. அது ஆடி. கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் விதைப்பது புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான். அதுவரை நிலம் சும்மா கிடக்கும். ஆடியில் கல்யாணமும் கிடையாது. கையில் காசு இருந்ததோ இல்லையோ, பொழுது இருந்தது. அந்தப் பொழுதைக் கோவிலுக்கும் தண்ணீருக்கும் கொடுத்தார்கள்.

1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்தது. இந்தப் பக்கத்து விடுமுறையின் வரலாற்றை எழுதுகிறவர் அந்த ஆண்டில்தான் தொடங்க வேண்டும் என்பேன். பாதையில் வரிசையாக வரும் ஊர்களைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் பிறந்த நாளான ஆடிப்பூரத்துக்குத் தேர். ராஜபாளையம் தாண்டினால் சங்கரன்கோவிலில் கோமதி அம்மனின் ஆடித்தபசு. தென்காசியில் இறங்கினால் குற்றாலச் சாரல். மூன்றும் ஒரே பாதையில், ஏறக்குறைய ஒரே பருவத்தில்! வண்டி கட்டி, வழியில் தங்கிப் போன தூரம் ஒரு காலைப் பொழுதாகச் சுருங்கியது.

பிறகு மில் வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அடுத்தடுத்து நூற்பாலைகள் எழுந்தன. கதிருக்கு ஆடியும் தெரியாது, ஐப்பசியும் தெரியாது. பன்னிரண்டு மாதமும் ஓடியது. கரிசல் காட்டிலிருந்து மில்லுக்குப் போனவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, ஆடி போயிற்று. அதைத் திருப்பித் தந்தது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்தவருக்கு, அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு லீவு. நூற்பாலையில் ஷிஃப்ட் பார்த்த என் அப்பா அந்த லீவில் ஒரு பகுதியை ஆடிக்கென்றே ஒதுக்கி வைப்பார். முதல் நாள் ராத்திரியே அம்மா புளியோதரை கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்து, வாழை இலையில் கட்டிவிடுவாள். விடிந்தால் ரயில். குற்றாலத்தில் இருக்கும் நாளில் அவளுக்கு அடுப்பு பற்ற வைக்கும் வேலை இல்லை. ஊரில் இருந்தால் அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததே கிடையாது. ஆகவே அந்த லீவு அப்பாவை விட அம்மாவுக்குத்தான் அதிகம் பயன்பட்டது என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்களுக்கு இன்னொரு தண்ணீரும் உண்டு. ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் அய்யனார் கோவில் அருவி. ஆனால் அதன் காலம் வேறு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பெய்து தீர்ந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தை நனைக்கிறது. எங்கள் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால்தான் அய்யனார் கோவிலில் தண்ணீர் கொட்டும். பெரியவர்கள் இதை அறிந்து ஆடிக்குத் தெற்கே போனார்கள். தீபாவளிக்குப் பிறகு சைக்கிளிலும் நடந்தும் மேற்கே போனார்கள். மே மாத லீவில் வந்து பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு வழியாகக் காட்டழகர் கோவிலுக்கும், வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கும் மலையேறுவதும் பழைய வழக்கம்தான். 1988-இல் இந்தக் காடு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. நினைத்த நேரத்தில் காட்டுக்குள் போக முடியவில்லையே என்று ஊரில் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. 2015-இல் சதுரகிரி ஓடையில் திடீரென்று வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோனது. காட்டுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது என்றால் கட்டுப்பாடு இருக்கட்டும்.

ரெண்டு நாள் ஓய்வுக்கு இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆடியில் வந்தால் தேரும் சாரலும்; கார்த்திகையில் வந்தால் அய்யனார் கோவில். மலைக்குப் போகும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரை வீட்டிலேயே விடுங்கள். சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம்.